புது வண்டிக்குப் பழைய அழுக்கு

புத்தம்புதிதாக ஒரு பொருளைச் செய்து, பெயின்ட் அடித்து, நிழலில் காயவைத்து, அப்புறம் அதைப் பதினைந்து வருஷம் வெயிலிலும் மழையிலும் போட்டு வைத்த மாதிரி ஆக்குவதற்கு 'வெதரிங்' என்று பெயர். மாடல் ரயில் கட்டுகிறவர்கள் உலகம் பூராவும் அப்படித்தான் சொல்கிறார்கள். என் மனைவி இதற்கு வைத்திருக்கும் பெயர் வேறு. பத்திரிகையில் போட முடியாது.

"ஏங்க, வீட்டுல இருக்கிற அழுக்கு போதாதா? காசு குடுத்து வேற வாங்கணுமா?"

அவள் கேட்பதில் நியாயம் உண்டு. வெளிநாட்டில் துரு ஒரு டப்பா, புகைக்கரி ஒரு டப்பா, தண்டவாளப் புழுதி ஒரு டப்பா என்று பவுடராகவே விற்கிறார்கள். அந்த விலைக்கு நம்மூர் பழைய இரும்புக் கடையில் நிஜத் துருவையே கிலோக் கணக்கில் அள்ளிக்கொண்டு வரலாம். ஆகவே நான் சுதேசி. அடுப்புக்கரி, செம்மண், ஓவியர்கள் பயன்படுத்தும் சாக் குச்சி எல்லாவற்றையும் இடித்து, பழைய வேட்டியில் சலித்து, சித்த வைத்தியர்கள் 'வஸ்திரகாயம்' என்பார்களே, அந்தப் பக்குவத்தில் பாட்டிலில் அடைத்து வைத்திருக்கிறேன். சிமென்ட் வேகனுக்கு விபூதி பிரமாதமாக எடுக்கிறது. (இது பூஜை அறைக்குத் தெரியாது.)

வங்கி வேலையில் விருப்ப ஓய்வு வாங்கியதும் ஆரம்பித்த தொழில் இது. குரோம்பேட்டை ஃபிளாட்டில், பின் அறையில், ஆறடிக்கு இரண்டரை அடி பிளைவுட் பலகை. அதன்மேல் விழுப்புரம் ஜங்ஷன். முழு ஜங்ஷன் இல்லை. பெட்டிகளைச் சோதிக்கும் யார்டு மட்டும், மூன்று லைன். ஏன் இவ்வளவு சிக்கனம் என்றால், கணக்கு அப்படி. நான் கட்டுவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு அளவு. ஹெச்.ஓ. என்பார்கள். எழும்பூரிலிருந்து விழுப்புரம் 159 கிலோமீட்டர். 87-ஆல் வகுத்தாலும் ஒண்ணேமுக்கால் கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. அசோசியேஷன் செகரட்டரி ஒத்துக்கொள்ள மாட்டார்.

இந்த அளவில் ஒரு ஆள் இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லை. மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகம் என்பது வினாடிக்கு 19 சென்டிமீட்டர். சுவரிலிருந்து இறங்கி வரும் பல்லி, எட்டரை மீட்டர் முதலை!

நம்மூர் அகல ரயில் பாதை 1,676 மில்லிமீட்டர். ஹெச்.ஓ.வில் அது 19 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரவேண்டும். கடையில் கிடைக்கிற தண்டவாளமோ ஐரோப்பிய அளவுக்குச் செய்தது, 16.5. ஆக, கோரமண்டல் எக்ஸ்பிரஸ் கட்டுகிறவர்கள் கிட்டத்தட்ட மூன்று மில்லிமீட்டர் குறுகின பாதையில்தான் அதை ஓட்டியாக வேண்டும். எனக்கு அந்தத் தொல்லை இல்லை. நான் கட்டுவது மீட்டர் கேஜ், சின்ன லைன். கணக்குப்படி 11.5 வேண்டும், 12 மில்லிமீட்டரில் கிடைக்கிறது. சுவிட்சர்லாந்தின் மலை ரயில்கள் மீட்டர் கேஜ் என்பதால் அவற்றின் மாடலுக்காகச் செய்த சக்கரமும் தண்டவாளமும். பெரம்பூர் ஐ.சி.எஃப். 1955-ல் பெட்டி கட்ட ஆரம்பித்ததே சுவிஸ் கம்பெனி டிசைனில்தான். என் விழுப்புரம் மட்டும் சுவிஸ் சக்கரத்தில் ஓடினால் என்ன?

சக்கரம்தான் இறக்குமதி. மற்றதெல்லாம் கைவேலை. ஒரு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் ஷீட்டில் ஜன்னல் ஜன்னலாக அறுத்து எடுக்க வேண்டும். ஒரு பக்கச் சுவருக்கு ஒரு வாரம். ஜன்னல் கம்பிக்குப் பழைய ஒயரைச் சீவி, உள்ளே இருக்கும் செம்பு இழை. கூரை, நீளவாக்கில் அறுத்த பி.வி.சி. பைப். ஏறக்குறைய ஒரு சாண் நீளத்தில் பெட்டி தயார். செங்காவி நிறம் அடித்து மேஜைமேல் வைத்தால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் பொம்மை மாதிரி இருக்கும். அழுக்கு ஏறினால்தான் ரயில்.

அங்கேதான் அப்பா வருகிறார்.

அப்பா விழுப்புரத்தில் சி அண்ட் டபிள்யூ ஃபிட்டர். கேரேஜ் அண்ட் வேகன். 1997-ல் ரிட்டயர் ஆகும்வரை ராத்திரி பகலாகப் பெட்டிக்கு அடியில் குனிந்தே வாழ்ந்தவர். வண்டி வந்து நின்றதும் சுத்தியலால் சக்கரத்தைத் தட்டிக்கொண்டே போவார்களே, அந்த ஜாதி. நாம் 'எஸ்-5 போகி' என்று பெட்டியைச் சொன்னால் முகம் சுளிப்பார். அவர் பாஷையில் போகி என்றால் சக்கரம் மாட்டியிருக்கும் அடித்தளம் மட்டும்தான். 'நீ என்ன சக்கரத்து மேலயா உக்காந்து வந்தே?' என்று சம்பந்தியையே கேட்டிருக்கிறார்.

2022-ல் ஸ்ட்ரோக். கையும் காலும் மெல்ல மெல்லத் திரும்பிவிட்டன. பேச்சும் திரும்பியது. பெயர்கள் மட்டும் திரும்பவில்லை. என்னைச் சித்தப்பா பெயர் சொல்லிக் கூப்பிடுவார். என் மனைவியை "இந்தாம்மா". 'எதைப் பத்தியாவது பேசவெச்சுக்கிட்டே இருங்க' என்றார் டாக்டர். எதைப் பற்றிப் பேசவைப்பது? பேப்பர் செய்தியில் ஆர்வம் இல்லை. டி.வி. சீரியலில் எல்லோரும் ஒரே முகமாகத் தெரிகிறார்கள் என்றார். (இதற்கு ஸ்ட்ரோக் காரணம் இல்லை என்பது என் அபிப்பிராயம்.)

ஒரு நாள், பாதி முடிந்த பெட்டி ஒன்று மல்லாக்கக் கிடந்தது. அப்பா காபி டம்ளருடன் வந்தவர், நின்றார். விரலை நீட்டினார்.

"வேக்குவம் சிலிண்டர் எங்க?"

"இன்னும் வைக்கலப்பா."

"டைனமோ? பெல்ட்டு? பேட்டரி பாக்ஸ் இந்தப் பக்கம் வரணும்."

பெற்ற பிள்ளை பெயர் வராத வாயில் அண்டர்ஃபிரேம் முழுசும் வரிசையாக வந்தது. காபி ஆறிப்போனது. நான் ஒரு நோட்டை எடுத்து எழுதிக்கொண்டேன்.

அன்றிலிருந்து அவரைக் கேட்காமல் பிரஷைத் தொடுவதில்லை. செய்முறை என்னவோ எல்லா மாடல்காரர்களும் செய்வதுதான். முதலில் பெயின்ட்டில் துளி வெள்ளை கலந்து நிறத்தை வெளுக்க வைப்பது. தண்ணீராகக் கரைத்த கறுப்பைத் தடவி, இடுக்கில் மட்டும் தங்கவிட்டு, மேலே துடைத்துவிடுவது. பிரஷில் தொட்ட பெயின்ட்டை முக்கால்வாசி காகிதத்தில் துடைத்துவிட்டு, மீதியை விளிம்புகளில் மட்டும் உரசுவது. பெயின்ட் உரிந்த இடம் வேண்டுமென்றால், துரு நிறம் அடித்து, ஈரத்தில் உப்பைத் தூவி, அதன்மேல் செங்காவி அடித்து, காய்ந்ததும் உப்பைத் தேய்த்து எடுத்துவிட்டால் அங்கங்கே துரு எட்டிப்பார்க்கும். கடைசியில் பவுடர். அதன்மேல் பளபளப்பில்லாத வார்னிஷ் அடித்தால் பாதிப் பவுடர் மாயமாகிவிடும். அதனால் தேவைக்குமேல் ஒரு பிடி கூடுதலாகவே பூச வேண்டும்.

இதெல்லாம் எப்படி என்பது. எங்கே என்பதுதான் அப்பா.

"பிரேக்கு கட்டை காஸ்ட் அயர்ன்டா. சக்கரம் தேயக் கூடாதுன்னு அதுதான் தேயும். தேய்ஞ்ச இரும்பு எங்க போவும்? போகிமேலதான் உக்காரும். அங்க கறுப்பு அடிக்காத, காவி அடி."

1970-களில் எழும்பூரிலிருந்து விழுப்புரம் வரை மின்சார எஞ்சின். அங்கே கழற்றிவிட்டுத் தெற்கே போக வேறு எஞ்சின் மாட்டுவார்கள். கரி எஞ்சின் இழுத்த நாளில், அதற்கு அடுத்த பெட்டியின் கூரைதான் அதிகக் கறுப்பு. பின்னால் போகப் போகக் குறையும். வாசல் கைப்பிடிக்கு அழுக்கே கூடாது. ஆயிரம் கை பிடித்துப் பளபளவென்று இருக்க வேண்டும். படிக்கட்டில் நடுப்பகுதி தேய்ந்து வெள்ளை இரும்பு தெரிய வேண்டும். கக்கூஸுக்குக் கீழே... சரி, வாசகர்கள் சாப்பிட்டுக்கொண்டு படிப்பார்கள்.

வெற்றிலை எச்சில் விஷயம் மட்டும் சொல்லியே ஆகவேண்டும். ஜன்னலுக்குக் கீழே காவிக் கோடு எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று கேட்டேன். ஓடுகிற வண்டியில் துப்பினால் காற்று பின்பக்கம்தானே இழுக்கும்?

அப்பா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"வண்டி போவறதோட சரியா? திரும்பி வராதா? ரெண்டு பக்கமும் சாயணும்டா!"

அமெரிக்காவில் ஜான் ஆலன் என்று ஒரு மகான் இருந்தார். கலிஃபோர்னியாவில் மான்டரே ஊரில், வீட்டின் அடித்தளத்தில் பெரிய மலை ரயில் உலகமே கட்டினார். புதுப் பெட்டியை அழுக்காக்குவதை ஒரு கலையாக்கிக் காட்டியவர்களில் முதல் வரிசைக்காரர். குறும்பும் உண்டு: யார்டில் பெட்டி தள்ள எஞ்சினுக்குப் பதில் எம்மா என்று ஒரு டைனோசர் வைத்திருந்தார்! 1973 ஜனவரியில் மாரடைப்பில் இறந்தார். பத்தே நாளில் அந்த வீட்டில் தீப்பிடித்து ஏறக்குறைய எல்லாம் போயிற்று. போட்டோக்கள் மிச்சம். எம்மாவின் படத்தை அப்பாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இதுக்கு வேக்குவம் உண்டா?" என்றார்.

எனக்கும் அவசரம் இருக்கிறது. மீட்டர் கேஜ் என்று சொன்னால் இன்று தமிழ்நாட்டில் பயணிகள் வண்டி ஓடுவது மேட்டுப்பாளையம்-ஊட்டி ஒன்றில்தான். சென்னையில் கடற்கரை-தாம்பரம் மீட்டர் கேஜ் மின்சார வண்டி 2004-லேயே நின்றுவிட்டது. எஞ்சினைப் படம் எடுத்தவர்கள் உண்டு. பெட்டியையும் சிலர் எடுத்திருக்கிறார்கள். பெட்டிக்கு அடியில் படுத்துப் படம் எடுத்தவர் யார்? அது அப்பா தலைக்குள் மட்டும் இருக்கிறது. அங்கேயும் விளக்கு ஒவ்வொன்றாக அணைகிறது. மார்ச் மாதம் 'வேக்குவம் சிலிண்டர்' என்று கணீரென்று சொன்னவர், தீபாவளிக்கு 'அந்தக் குண்டு' என்றார். பொங்கலுக்குக் கையால் காட்டினார்.

ஆகவே இப்போது நான் பெட்டிகளைத் தலைகீழாகத்தான் கட்டுகிறேன். முதலில் அடிப்பாகம். ஜன்னல், கூரை எல்லாம் அப்புறம்; அதை எனக்கே தெரியும்.

"கவுத்துப் போட்டா யாருங்க பார்க்கப் போறா?" என்றாள் மனைவி ஒருநாள். பிறகு அவளே, "மாமா பார்ப்பாங்க இல்ல" என்று சொல்லிவிட்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். அன்று சாயங்காலம், தேய்ந்துபோன பழைய கண் மை பிரஷ் ஒன்று என் மேஜைமேல் இருந்தது. இடுக்குகளில் பவுடர் பூச அதைவிட உத்தமமான கருவி இல்லை.

கட்டுவதாவது ஒருதரம். பராமரிப்பு தினசரி. சென்னை உப்புக் காற்றுக்கும் ஈரத்துக்கும் தண்டவாளத்தில் படலம் படியும். மின்சாரம் சக்கரம் வழியாக ஏற வேண்டும், 12 வோல்ட்தான். துளி அழுக்கு இருந்தாலும் எஞ்சின் விக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியைத் தண்டவாளத்தின்மேல் விரித்து, எஞ்சினின் ஒரு பாதியை அதன்மேல் ஏற்றிச் சுழலவிட்டால் சக்கரம் சுத்தமாகும். பிறகு மறு பாதி. சானிடைசர் உதவாது, பலதில் கிளிசரின் இருக்கிறது, பிசுபிசுக்கும். மழைக்காலத்தில் பிளைவுட் ஊதும், வெயிலில் தண்டவாளம் நீளும். இணைப்புகளில் முடியளவு இடைவெளி விட வேண்டும். ஜல்லிக்குச் சலித்த மணல்; ஒட்டுவதற்குமுன் அதன்மேல் காந்தத்தை ஓட்டி இரும்புத் துகளை எடுத்துவிடணும், இல்லாவிட்டால் மோட்டாரில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டுவது தண்ணீர் கலந்த ஃபெவிகால், பாத்திரம் தேய்க்கும் சோப்பு ஒரு சொட்டு. தெரிந்தவர் ஒருவர் சுலபமாக இருக்கட்டும் என்று ரவையைப் போட்டு ஒட்டினார். மூன்றாம் நாள், டைம்டேபிளில் இல்லாத கறுப்பு கூட்ஸ் ஒன்று, எறும்பாகவே, பாதை நெடுக ஓடியது.

ஆயுத பூஜைக்கு என் மனைவி டீசல் எஞ்சின் நெற்றியில் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டாள். ஷெட்டில் நிஜ எஞ்சினுக்கும் வைப்பார்கள். பத்து நாளில் அது வழிந்து, மங்கி... நான் செய்த வெதரிங்கிலேயே அதுதான் பிரமாதம் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். செய்தது நான் இல்லை என்று நான் சொல்வதில்லை.

தினம் சாயங்காலம் ஐந்தரைக்கு வண்டி. புறப்படுவதற்குமுன் அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பார்:

"வேக்குவம்?"

"எஞ்சின்ல 53 சென்டிமீட்டர்ப்பா."

"கார்டு வண்டில?"

"47."

"ரைட்." கை தூக்குவார். அதற்கப்புறம்தான் நான் சுவிட்சைத் தொடலாம்.

ஆனால் ஒன்பது நாளாக வண்டி இல்லை. போன வாரம் மூன்றாவது பெட்டியை அப்பா விரல் நுனியால் தடவிப் பார்த்தார். ஒரு பக்கம் துளி தாழ்ந்திருந்ததாம். எனக்கும் தெரியவில்லை, என் பூதக்கண்ணாடிக்கும் தெரியவில்லை. சாக் குச்சியை எடுத்து அதன்மேல் ஒரு கோடு கிழித்து, "சிக்" என்றார். ரயில்வேயில் கெட்டுப்போன பெட்டியை ஒதுக்கும் பாதைக்கு 'சிக் லைன்' என்று பெயர். என் மூன்றாவது லைன் இப்போது சிக் லைன். மாற்று ஸ்பிரிங்குக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். அது வந்து, மாட்டி, தடவிப் பார்த்து, "ஃபிட்" என்று அவர் சொல்லாமல் வண்டி நகராது. மற்ற இரண்டு பெட்டியோடு ஓட்டலாமா என்று நேற்றுக் கேட்டுப் பார்த்தேன்.

"மூணு பெட்டிக்கு டிக்கெட் குடுத்தாச்சுடா" என்றார், என் பெயரையே சொல்லி.