திங்கட்கிழமை எடுக்காத வண்டி

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் செம்பரம்பாக்கம் வந்ததும், சர்வீஸ் ரோட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. பலகையில் 'ஆட்டோ எலக்ட்ரிகல்ஸ்' என்ற எழுத்து மட்டும் இன்னும் அழியவில்லை. நிறுத்தி வைத்த காரில் பேட்டரி இறங்கினால் மற்றவர்கள் பேட்டரியை மாற்றுவார்கள், இவர் காரணத்தைத் தேடுவார் என்று டாக்ஸி ஓட்டும் நண்பர் சொல்லியிருந்தார். அந்தத் தேடலைப் பார்க்கத்தான் போனேன்.

உள்ளே ஒரு வெள்ளை நிறச் சின்னக் கார் நின்றது. இருங்காட்டுக்கோட்டையில் வேலை பார்க்கும் இளைஞர், புரோக்கர் மூலம் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. வாரம் முழுக்க ஒழுங்காக ஓடும். திங்கட்கிழமை காலையில் செல்ஃப் எடுக்காது. இரண்டு பேட்டரி மாற்றியாயிற்று. மூன்றாவதும் படுத்துவிட்டது.

"திங்கட்கிழமை மட்டும்னா பேட்டரி மேல தப்பு இல்ல தம்பி. சனி, ஞாயிறு வண்டி நிக்கிறப்ப உள்ள எவனோ உக்காந்து குடிக்கிறான்" என்றார் எலக்ட்ரீசியன்.

பேட்டரிக்குச் சார்ஜ் போட்டு ஏற்றி, டைனமோவைச் சோதித்தார். வண்டி ஓடும்போது 14.2 வோல்ட். அதில் குறையில்லை. பிறகு எடுத்துக் காட்டியதுதான் அவருடைய பழைய ஆயுதம்: ஒரு ஹோல்டர், ஒரு சின்ன பல்பு, இரண்டு துண்டு வயர். பையனாக பூந்தமல்லிப் பட்டறையில் அம்பாசிடர் வயரிங் கற்றுக்கொண்ட காலத்தில் அவருடைய மாஸ்டர் கொடுத்தது. பேட்டரியின் மைனஸைக் கழற்றி, டெர்மினலுக்கும் வயருக்கும் நடுவே இதை மாட்டினால் போதும். பல்பு எரிந்தால் எங்கோ கரண்ட் போகிறது. ஒவ்வொரு பியூஸாகப் பிடுங்க, எதைப் பிடுங்கும்போது பல்பு அணைகிறதோ அந்த லைனில்தான் கோளாறு. அம்பாசிடருக்கு அது போதுமாயிருந்தது.

இன்றைய காரில் அப்படிச் செய்ய முடியாது. சாவியை எடுத்த பிறகும் உள்ளிருக்கும் கம்ப்யூட்டர் பெட்டிகள் கொஞ்ச நேரம் விழித்திருக்கும். ஒரு பியூஸைப் பிடுங்கிச் செருகினால் தூங்கப் போன பெட்டியும் திரும்ப எழுந்துவிடும். அதனால் இவர் மைனஸ் வயரைக் கழற்றுவதற்கு முன்பே ஒரு ஜம்பர் வயரை மாட்டி, இணைப்பு ஒரு நொடியும் அறுந்துவிடாமல் மீட்டரை நடுவே சேர்த்துவிட்டு ஜம்பரை எடுத்தார். திறந்த கதவின் பூட்டை ஸ்க்ரூ டிரைவரால் தள்ளி, கதவு மூடியிருப்பதாக வண்டியை நம்ப வைத்தார். சாவியைத் தெருவுக்கு எதிர்ப்பக்கம் இருந்த டீக்கடையில் கொடுத்துவிட்டு வரச் சொன்னார். பிறகு முக்கால் மணி நேரம் யாரும் வண்டியைத் தொடவில்லை. இந்த வேலையில் பாதி, காத்திருக்கத் தெரிவது.

இரண்டு ஆம்பியரில் தொடங்கிய மீட்டர் இறங்கி இறங்கி 0.41-இல் நின்றுவிட்டது. கடிகாரம், செட்டின் மெமரி, சென்டர் லாக் எல்லாம் சேர்ந்தாலும் நல்ல வண்டியில் 0.05-ஐத் தாண்டக் கூடாது. வண்டி மாதக்கணக்கில் நின்றால் அந்த அளவே பேட்டரியைக் காலி செய்துவிடும். 2020 ஊரடங்கில் குறையில்லாத வண்டிகள் வரிசையாகப் படுத்தது அதனால்தான். 0.41 என்றால் வெள்ளி மாலை முதல் திங்கள் காலை வரை 24 ஆம்பியர் மணிக்கு மேல். இதில் இருப்பதோ 35 ஆம்பியர் மணி பேட்டரி. இப்படி வாராவாரம் வற்றும் பேட்டரியின் ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். அதற்குப் பிறகு எத்தனை சார்ஜ் ஏற்றினாலும் பழைய பலம் வராது.

பியூஸ்களை அவர் பிடுங்கவில்லை. ஒவ்வொன்றின் தலையிலும் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளில் இன்னொரு மீட்டரின் முனைகளை வைத்து மில்லிவோல்ட் பார்த்துக்கொண்டே போனார். கரண்ட் ஓடாத பியூஸில் எண் வராது. ஒன்றில் வந்தது. அந்த லைனைப் பிடித்துக்கொண்டு டிரைவர் கால் வைக்கும் இடத்தில் கார்ப்பெட்டைத் தூக்கினார். ஒரு கனெக்டர். உள்ளே பின்களில் பச்சை பூத்திருந்தது. சீட் தண்டவாளத்தின் அடியில் காய்ந்த வண்டல்.

"முழுகின வண்டி" என்றார். இளைஞரை சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்க்கச் சொன்னார். அடிப்பகுதியில் மண் கறை.

2015 டிசம்பர் 1 இரவு இதே செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்டு அடையாற்றங்கரை மூழ்கியது. அந்தக் கரையில் நின்ற கார்கள் அடுத்த பல வருஷங்கள் இவர் கொட்டகைக்கு வந்துகொண்டிருந்தனவாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் இன்னொரு கூட்டத்தை அனுப்பியது. மூழ்கிய காரை இன்சூரன்ஸ் கழித்துக் கட்டினாலும் அது சாவதில்லை. ஏலத்தில் எடுப்பவன் சீட்டைத் துவைத்து, சென்ட் அடித்து, பாலிஷ் போட்டு விற்கிறான். புரோக்கர் இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குகிறார். கார்ப்பெட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். மாதச் சம்பளத்தில் கடன் கட்டுபவனுக்குத் தெரியாது. பேட்டரிக் கடைக்காரரும் ஏன் இறங்கியது என்று கேட்பதில்லை. புதுசு விற்றால் லாபம், பழையதை எடுத்துக்கொண்டால் ஈயத்துக்கு விலை. மறைப்பவருக்குக் காசு, விற்பவருக்குக் காசு. கண்டுபிடிப்பவரிடம் மட்டும் "என்னத்த மாத்தினீங்க?" என்று கேட்டுப் பேரம் பேசுகிறோம். ஒரு நாள் முழுக்கக் குனிந்து தேடிய கண்ணுக்கும் கைக்கும் பில்லில் ஒரு வரி எழுத நம் ஊரில் இடமில்லை. எனக்கு இது பொறுக்கவில்லை.

அரித்துப்போன பின்களை வெட்டி, வயரைச் சுரண்டி, ஈயம் பற்றவைத்து, ஸ்லீவ் போட்டு முடித்தார். மறுபடியும் அதே காத்திருப்பு. மீட்டர் 0.03 காட்டியது. கூலி ஆயிரத்து ஐந்நூறு கேட்டார். இளைஞர் பேரம் பேசாமல் கொடுத்தார்.

"இன்னும் ரெண்டு மூணு கனெக்டர் இதே மாதிரி இருக்கும். ஒரு ஞாயித்துக்கிழமை கொண்டாந்து விடு, சீட்டையெல்லாம் கழட்டிப் பார்த்துடலாம்" என்றவர், வெட்டியெடுத்த பச்சைக் கனெக்டரை ஒரு கவரில் போட்டு இளைஞரிடம் நீட்டினார். "புரோக்கர்கிட்ட போறப்ப இத எடுத்துட்டுப் போ. பெல்ட்டையும் போட்டோ எடுத்து வச்சுக்க."