மல்லாட்டையும் நான் போட்ட தப்புக் கணக்கும்

பி.காம் படிக்கிறவனுக்குப் பயிரைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். ஒன்றும் தெரியாமல் கணக்குப் போட்ட கதைதான் இது நண்பர்களே. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தாத்தாவுக்குத் திருவண்ணாமலை பக்கம் 2 ஏக்கர் மானாவாரி நிலம். ஆடிப் பட்டத்தில் மல்லாட்டை போடுவார். (வேர்க்கடலைதான். மணிலாக்கொட்டை எங்கள் ஊர் வாயில் தேய்ந்து மல்லாட்டை ஆகிவிட்டது.) போன வருஷம் செடி பூத்து, விழுது மண்ணில் இறங்குகிற நேரம் பார்த்து மழை நின்றது. பின்னாலேயே சுருள் பூச்சி. ஆயுத பூஜை லீவுக்குப் போன நான், காஸ்ட் அக்கவுண்டிங் படித்த திமிரில், எக்செல்லில் நஷ்டக் கணக்கு போட்டுக் கொடுத்தேன். வறட்சியால் நஷ்டம் என்று ஒரு வரி, பூச்சியால் நஷ்டம் என்று ஒரு வரி, கீழே மொத்தம். தாத்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"டேய், ரெண்டும் தனித்தனியாவாடா வந்துச்சி?"

பதில் சொல்லத் தெரியவில்லை. ஹாஸ்டலுக்குத் திரும்பி, இன்டெர்னல் டெஸ்ட்டை மறந்துவிட்டு இதைத்தான் படித்தேன்.

தண்ணீர் குறைந்தால் செடிக்குள் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் கூடுகிறது. இலைத்துளைகளை மூடு என்பது அதன் உத்தரவு. மூடினால் நீர் மிச்சம். ஆனால் கார்பன் டை ஆக்சைடு உள்ளே வருவதும் அதே துளை வழியாகத்தான். ஆக, வருமானம் படுத்துவிடும். நீர் ஆவியாகும்போது கிடைக்கும் குளிர்ச்சியும் போய் இலை சூடாகும். அந்த நேரம் பார்த்துப் புழு கடிக்கிறது. புழு கடித்தால் ஜாஸ்மோனிக் அமிலம் என்ற இன்னொரு ஹார்மோன் எழுந்து, புழுவின் செரிமானத்தைக் கெடுக்கும் புரதங்களைத் தயாரிக்கச் சொல்லும். தயாரிக்க முதல் வேண்டாமா? கஜானா காலி. போதாததற்கு இந்த இரண்டு ஹார்மோன்களும் ஒன்றின் வேலையில் ஒன்று தலையிடுகின்றன, சில நேரம் உதவியாக, சில நேரம் இடைஞ்சலாக. இரண்டு தொல்லையும் சேர்ந்து வரும்போது செடிக்குள் வேலைசெய்யும் மரபணுக்களின் பட்டியலே வேறாக இருக்கிறதாம். என் கூட்டல் குறி அங்கேயே செத்தது.

வாடிய செடி பூச்சிக்கு நல்ல சாப்பாடு என்று 1969-ல் ஆஸ்திரேலியாவின் டி.சி.ஆர். ஒயிட் எழுதினார். வாடும்போது இலையில் அமினோ அமிலங்கள் கூடுகின்றன என்பது அவர் வாதம். எல்லாப் பூச்சிக்கும் இது பொருந்தாது. தொடர்ந்து காய்ந்தால் சாறு உறிஞ்சும் பூச்சிகள் பலவும் திண்டாடும், உறிஞ்சுவதற்குச் செடிக்குள் நீரழுத்தம் வேண்டுமே. சுருள் பூச்சி அந்த ரகம் இல்லை. அதை அடக்குவது நல்ல மழை. மழைதான் இல்லையே!

இதெல்லாம் மண்ணுக்கு மேலே. எனக்குத் தூக்கம் கெட்டது மண்ணுக்குக் கீழே நடப்பதைப் படித்தபோது. காய் முற்றும் கடைசி 3 முதல் 6 வாரம் மண் காய்ந்து சூடேறினால், கரையான் காய் ஓட்டைச் சுரண்டுகிறது. அந்தக் கீறல் வழியாக அஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சணம் நுழைகிறது. பருப்பு சும்மா இருப்பதில்லை, ஈரம் இருக்கும்வரை பூஞ்சணத்தைத் தடுக்கும் பொருட்களைத் தானே தயாரிக்கும். ஈரம் குறையக் குறைய அந்தத் தயாரிப்பு நின்றுபோகிறது. பூஞ்சணமோ அதைவிடக் குறைந்த ஈரத்திலும் பிழைத்து வளரும். அப்போது அது விடுகிற நஞ்சுதான் அஃப்ளடாக்சின். ஈரலைத் தாக்கும், புற்றுநோயும் தரும். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்த பிறகுதான் உலகத்துக்கு இது தெரிந்தது. அவை தின்றது பிரேசில் கடலைப் புண்ணாக்கு. இன்று ஐரோப்பாவில் நேரடியாகச் சாப்பிடும் கடலையில் கிலோவுக்கு 4 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. ஏற்றுமதிப் பாடத்தில் இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை!

தீபாவளிக்குப் போனபோது செடி பிடுங்கி, காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். ஆயா கரையான் அரித்த காயை எல்லாம் தனியாக ஒதுக்கினாள். "இது வேணாம், கசக்கும்" என்று என் கையில் இருந்ததையும் பிடுங்கிப் போட்டாள். அவள் எந்த ஆராய்ச்சியையும் படித்தவள் இல்லை.

வியாபாரி வந்தார். நல்ல காய்க்கு ஒரு விலை, ஒதுக்கின 4 மூட்டைக்குப் பாதி விலை. எண்ணெய் மில்லுக்குப் போகுமாம். ஆட்டும்போது நஞ்சில் பெரும்பகுதி புண்ணாக்கில் தங்கும், மாடு தின்றால் ஒரு பங்கு வேறு வடிவத்தில் பாலில் வரும் என்று தாத்தாவிடம் மெதுவாகச் சொன்னேன். அந்த மூட்டைகளில் இருந்ததா இல்லையா என்று யாரும் சோதிக்கவில்லை, கண்ணால் பார்த்துச் சொல்லவும் முடியாது.

தாத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "கொட்டிடலாம். ஆய்ஞ்சவங்களுக்குக் கூலிய எதுலேர்ந்துடா குடுப்பேன்?" என்றார்.

எக்செல்லைத் திறந்து, பழைய இரண்டு வரிகளையும் அழித்துவிட்டு, நஷ்டம் என்று ஒரே வரியாக எழுதினேன். 4 மூட்டைக்கு வந்த பணத்தை வரவில் வைத்ததும் நான்தான். எங்கள் மாட்டுக்கும் அந்த மில் புண்ணாக்குதான்.