கருங்கல்லின் காந்த நினைவு

கிருஷ்ணகிரி மாவட்டத்துக் குவாரிகளில் வெட்டப்பட்டு மெருகேற்றப்படும் பலகைகளுள், வணிகத்தில் கறுப்பு கிரானைட் என்று பெயர் பெற்ற டாலரைட் பாறையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், கருமைக்கு நடுவே பித்தளை நிறப் பொட்டுகள் சில மின்னக்கூடும். இவை இரும்பும் கந்தகமும் கூடிய சல்பைடு கனிமங்கள். ஈரம் பட்டால் துருக்கறை படர்வதால் கல் வணிகத்தில் குறையாகக் கருதப்படும் இக்கனிமங்களுள் சில, புவி அறிவியலில் பூமியின் பழங்காலக் காந்தப்புலத்துக்குச் சாட்சிகளாகின்றன. அச்சாட்சியம் எவ்வளவு நம்பத்தக்கது என்பதை ஆராய்வதே கணினி மாதிரியாக்கத்தின் பணி.

எல்லாச் சல்பைடுகளும் காந்தத்தைத் தாங்குவதில்லை. ஓர் இரும்பணுவுக்கு இரண்டு கந்தக அணுக்கள் கொண்ட பைரைட், நூலில் கட்டித் தொங்கவிட்ட காந்தத்தை அசைப்பதில்லை. ஏழுக்கு எட்டு என்ற விகிதத்தில் அமைந்த பைரோடைட்டோ அதை மெல்ல இழுக்கிறது. பைரோடைட் படிகத்தில் இரும்பணு இருக்கவேண்டிய சில இடங்கள் ஓர் ஒழுங்கோடு காலியாக இருப்பதால், எதிரெதிர்த் திசை நோக்கும் அடுத்தடுத்த அடுக்குகளின் காந்தம் முழுதும் ஈடாகாமல் சிறிது மிஞ்சுகிறது. அந்த மிச்சமே அதன் காந்தம்.

கிருஷ்ணகிரியின் வட எல்லையை ஒட்டித் தொடங்கிக் கர்நாடகத்துக்குள் நீளும் கோலார் பாறைப் பட்டையில் இதன் முக்கியத்துவம் நன்கு விளங்கும். 2001இல் மூடப்பட்ட கோலார் தங்கவயலின் சல்பைடு நாளங்களில் பைரோடைட் மிகுதியாகக் காணப்பட்டது. பைரோடைட் ஏறத்தாழ 320 டிகிரி செல்சியசில் தன் காந்தத்தை இழந்துவிடும். இரும்பு ஆக்சைடான மேக்னடைட்டோ 580 டிகிரி வரை தாங்கும். ஆகவே பாறை பிறந்து நெடுங்காலத்துக்குப் பின் 400 டிகிரி வரை சூடேறி ஆறியிருந்தால், ஒரே கல்லில் பழைய திசையை மேக்னடைட்டும் புதிய திசையைப் பைரோடைட்டும் ஏந்தி நிற்க முடியும். இரண்டையும் பிரித்தறியாமல் கணக்கிடப்படும் பழங்காலத் துருவம் பிழையாகவே முடியும்.

இத்தகைய துகள் ஒவ்வொன்றும் எவ்வாறு நினைவு கொள்கிறது என்பதைக் கணக்கிடும் துறை நுண்காந்தவியல். வில்லியம் ஃபுல்லர் பிரவுன் 1963இல் வெளியிட்ட நூல் அதற்கு அடித்தளமிட்டது. துகளை எண்ணற்ற நான்முகிகளாகப் பகுத்து, ஒவ்வொரு முனையிலும் ஒரு காந்தத் திசையை வைத்து, அண்டைத் திசைகளை இணையாக்கும் ஆற்றல், படிக அச்சின் பக்கம் திருப்பும் ஆற்றல், துகள் தன்னைச் சுற்றி எழுப்பும் புலத்தின் ஆற்றல் ஆகியவற்றின் கூட்டுத்தொகை மிகக் குறையும் அமைப்பைக் கணினி தேடுகிறது. இக்கணக்குக்கென்றே எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்களும் கூட்டாளிகளும் உருவாக்கிய மெரில் என்னும் மென்பொருள் 2018இல் வெளியானது.

1964இல் தனிக் கனிமமாக விவரிக்கப்பட்ட கிரைகைட் என்ற சல்பைடை இம்முறையில் ஆராய்ந்தபோது, சிறு துகள்களில் எல்லாத் திசைகளும் ஒருமித்து நிற்பதும், பல பத்து நானோமீட்டரைத் தாண்டிய துகள்களில் அவை நீர்ச்சுழியைப் போல வளைந்து ஓடுவதும் தெரியவந்தன. சுழிநிலைத் துகள்கள் எளிதில் மறந்துவிடும் என்ற பழைய எண்ணத்துக்கு மாறாக, அவை புவியியல் காலம் முழுதும் திசையைக் காக்கவல்லவை என்றும், இரு நிலைகளுக்கும் இடைப்பட்ட அளவுடையவையே தளர்ந்துவிடுகின்றன என்றும் கணக்கீடுகள் காட்டின. இதே கிரைகைட், வங்கக்கடலின் கிருஷ்ணா-கோதாவரிப் படுகைச் சேற்றில் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவன ஆய்வாளர்களால் அறியப்பட்டுள்ளது.

பொருளைச் சிறு கூறுகளாகப் பகுத்துக் காந்தப்புலத்தைக் கணக்கிடும் இவ்வழி, மின்வாகன மோட்டார் வடிவமைப்பிலும் அன்றாடம் கையாளப்படுவது. கிருஷ்ணகிரி மாவட்டத்து ஓசூரும் போச்சம்பள்ளியும் மின் ஸ்கூட்டர் ஆலைகளுக்குப் பெயர் பெற்றுவிட்ட நிலையில், இக்கணக்கீட்டில் பயிற்சி பெறும் இளைஞர்கள் தங்கள் மண்ணின் பாறையையும் அதே கணக்கால் படிக்க இயலும். ஆனால் துகளின் நம்பகத்தன்மைக்குச் சான்று தர வல்ல கணினியால், வெட்டியெடுத்த கல் மலையில் எத்திசை நோக்கிக் கிடந்தது என்று சொல்ல முடியாது. வடக்கு எதுவெனக் குறிக்காமல் பெயர்த்து ஏற்றுமதி செய்யப்படும் ஒவ்வொரு பாளத்தோடும் மீட்க முடியாத ஒரு சாட்சியம் தொலைகிறது. எனவே குவாரி தோறும் திசை குறித்த ஒரு சிறு மாதிரியையேனும் எடுத்து அருகிலுள்ள கல்லூரியில் பாதுகாப்பது, செலவு குறைந்ததும் உடனே செய்யத்தக்கதுமான கடமையாகும்.