கார் கண்ணாடியும் ஐந்து மீற்றர் கயிறும்



"மாருதிக் கார்ட முன் கண்ணாடிய சேர்மார் தாங்களே கழட்டிப் பூட்டினாங்களாம்" என்று ஊரில் ஒரு பேச்சு. பள்ளிவாசல் முற்றத்தில் கேட்கிறார்கள், ஸ்டாஃப் ரூமில் கேட்கிறார்கள், மீன் வாங்கப் போன இடத்திலும் கேட்கிறார்கள். ஆளாளுக்குச் சொல்வதைவிட ஒரே தடவையில் எழுதிவிடலாம் என்று நினைத்தோம். கொஞ்சம் நீளம்தான். கார் வைத்திருப்பவர்கள் கடைசி வரை வாசியுங்கள். கடைசிப் பகுதிதான் முக்கியம்.

நாங்கள் நாலு பேர். மூவர் அக்கரைப்பற்று, சயன்ஸ் டீச்சர் திருக்கோவிலில் ஏறுகிறவர். நால்வரும் கல்வியியற் கல்லூரி முடித்து, பொத்துவில் பக்கம் உள்ளுக்குள் இருக்கும் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறோம். ஒரு பக்கம் மட்டும் நாற்பது கிலோமீற்றருக்கு மேல். பஸ்ஸில் போனால் பிரதான வீதியில் இறங்கிவிட்டு, உள்ளே போக யாராவது வருவார்களா என்று பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். முதலாம் பாடம் முடிந்த பிறகுதான் வகுப்புக்குள் கால் வைக்கலாம். அதனால் மெத்ஸ் சேரின் மாருதி 800தான் எங்கள் நால்வருக்கும் கால். பெற்றோல் காசை நாலாகப் பிரிக்கிறோம்.

சின்னக் கார் என்று யாரும் சிரிக்க வேண்டாம். 1983 டிசம்பரில் இந்தியாவில் வெளிவந்து 2014 ஜனவரி வரை உற்பத்தியான வண்டி அது. இயந்திரம் வெறும் 796 சீசீ. 2022 இல் கியூ.ஆர். கோட்டுக்கு ஒரு காருக்கு வாரம் 20 லீற்றர் தந்த நாட்களில், ஐந்து நாளும் எங்களைப் பாடசாலையில் இறக்கிய வண்டியும் அதுதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு, இருக்கிற பழைய வண்டியைப் பார்த்துப் பார்த்து ஓடுவதைத் தவிர எங்களைப் போன்றவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. 2025 இல் இறக்குமதி திறந்தது உண்மை. விலையைக் கேட்டுவிட்டு மறுபடியும் மாருதியைக் கழுவத் தொடங்கினோம்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, திரும்பி வரும் வழியில் முன்னால் போன டிப்பரிலிருந்து கல் ஒன்று தெறித்தது. முதலில் நட்சத்திரம் மாதிரி ஒரு புள்ளி. அக்கரைப்பற்றுக்கு வந்து சேர்வதற்குள், ஒவ்வொரு குழியில் ஏறி இறங்கும்போதும் வெடிப்பு நீண்டு, சாரதியின் கண்ணுக்கு நேரே குறுக்காக ஓடி ஓரத்தைத் தொட்டுவிட்டது. சின்னப் புள்ளியாகவே நின்றிருந்தால் ரெசின் விட்டு அடைக்கலாம். ஓரம் வரை ஓடிய வெடிப்புக்கு மருந்து இல்லை. கண்ணாடியை மாற்றியே ஆக வேண்டும்.

கண்ணாடி தேடினால் கிடைத்தது. பூட்டுவதற்குத்தான் ஆள் இல்லை. ரப்பர் பீடிங் வைத்த பழைய கண்ணாடி வேலை கைவந்த பாஸ்மாரில் எங்களுக்குத் தெரிந்தவர்கள் கட்டாருக்கும் சவூதிக்கும் போய்விட்டார்கள். இருக்கிற ஒருவர் பத்து நாள் கழித்து வருவதாகச் சொன்னார். சாதாரண தரப் பரீட்சைக்கு அப்போது மூன்று வாரம்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை ஒரு வேன் பிடித்துப் போனோம். எங்கள் ஒரு வாரப் பெற்றோல் காசு அந்த ஒரு நாளில் போய்விட்டது. பத்து நாளைக்கு அப்படிப் போக முடியாது. கணிதமும் விஞ்ஞானமும் அந்தப் பிள்ளைகளுக்கு எங்களை விட்டால் வேறு ஆள் இல்லை.

அப்போதுதான் மெத்ஸ் சேரின் வாப்பா வாயைத் திறந்தார். அவர் இ.போ.ச. சாரதியாக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணாடி பூட்டுவது அவர் தொழில் இல்லை. ஆனால் டிப்போவில் பஸ் கண்ணாடியைக் கயிறு போட்டு இழுத்துப் பூட்டுவதை எத்தனையோ தடவை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். "ரப்பர் கண்ணாடிதானே மகன். கயிறு இருந்தாப் பூட்டலாம். ஆனா அவசரப்படப் போடா" என்றார்.

சனிக்கிழமை காலையில் தொடங்கினோம். முதலில் டேஷ்போட்டையும் பொனட்டையும் பழைய போர்வைகளால் மூடினோம். டேஷ்போட்டில் காற்று வரும் துவாரங்களுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டினோம். இதை யாரும் மறக்க வேண்டாம். கண்ணாடித் துகள் அதற்குள் விழுந்தால், பிறகு ஒருநாள் காற்றைப் போடும்போது நேரே கண்ணுக்குத்தான் வரும். தடித்த கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. வைப்பர் கைகளைக் கழற்றினோம். பழைய ரப்பர் வெயிலில் காய்ந்து கல்லாகிப் போயிருந்ததால் அதைக் காப்பாற்றும் எண்ணமே இல்லை. வெளிப்பக்க உதட்டைக் கத்தியால் சுற்றிவர வெட்டி எடுத்துவிட்டு, உள்ளிருந்து மெதுவாகத் தள்ள, வெளியில் இருவர் ஏந்திக்கொண்டார்கள். அவ்வளவு வெடித்திருந்தும் கண்ணாடி ஒரே துண்டாக வந்தது.

ஏன் சிதறவில்லை என்று அங்கே நின்ற பிள்ளைகள் கேட்டார்கள். சயன்ஸ் டீச்சர் அங்கேயே பாடம் நடத்திவிட்டார். முன் கண்ணாடி உண்மையில் இரண்டு கண்ணாடித் தகடுகள், நடுவில் ஒரு பிளாஸ்டிக் படலம். உடைந்தாலும் துண்டுகள் அந்தப் படலத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். பிரான்ஸைச் சேர்ந்த எட்வார்ட் பெனெடிக்டஸ் என்பவர் 1909 இல் இந்த வகைக் கண்ணாடிக்குக் காப்புரிமை பெற்றார். பக்கக் கண்ணாடிகள் வேறு இனம். சூடாக்கிச் சட்டென்று குளிர வைத்து உறுதியாக்கியவை. உடைந்தால் கற்கண்டு மாதிரி கொட்டிவிடும். பழைய ஆங்கிலேயக் கார்கள் பலவற்றில் முன்னாலும் அதுதான் இருந்தது. ஆகவே பழைய வண்டிக்குக் கண்ணாடி வாங்குகிறவர்கள், மூலையில் லாமினேட்டட் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கண்ணாடி வெளியே வந்த பிறகுதான் உண்மையான வேலை தெரிந்தது. ரப்பர் பிடிக்கும் தகரத்தின் கீழ் ஓரம் முழுக்கத் துரு. மழை பெய்தால் கால் விரிப்பு நனைவதற்குக் காரணம் அன்றைக்குத்தான் விளங்கியது. அதை அப்படியே விட்டுப் புதுக் கண்ணாடியைப் பூட்டினால் தண்ணீர் மட்டுமல்ல, துரு பொருமிய இடம் கண்ணாடியை அழுத்தி, ஏதாவது ஒரு குழியில் மறுபடியும் வெடிக்க வைக்கும். எமரி பேப்பரால் தேய்த்து, துடைத்து, துருத்தடுப்புப் பூச்சும் பெயின்டும் அடித்து, இரவு முழுக்கக் காய விட்டோம். சனிக்கிழமை அப்படியே முடிந்தது. பக்கத்து வீட்டார் வந்து பார்த்துவிட்டு, கண்ணாடி இல்லாத காரைத் தார்ப்பாயால் மூட உதவினார்கள்.

ஞாயிறு காலை கயிறு வேலை. மீன்பிடிக்கும் காக்கா ஒருவர் ஆறு மில்லிமீற்றர் நைலோன் கயிறு ஐந்து மீற்றர் வெட்டித் தந்தார். மேசையில் போர்வை விரித்துக் கண்ணாடியைப் படுக்க வைத்து, புது ரப்பரைச் சுற்றிவரப் பொருத்தினோம். இந்தக் கண்ணாடியின் நடுவில் கையால் தட்டினாலும் தாங்கும், ஓரத்தில் ஒரு சின்ன இடி பட்டால் போதும், முடிந்துவிடும். ரப்பரில் இரண்டு பள்ளங்கள் உண்டு. ஒன்று கண்ணாடியைப் பிடிப்பது, மற்றது தகரத்தைப் பிடிப்பது. தகரத்துக்குரிய பள்ளத்தில் கயிற்றைச் சுற்றிவர அமர்த்தி, இரு முனைகளும் கீழே நடுவில் ஒன்றையொன்று தாண்டித் தொங்கும்படி விட்டோம். வழுக்குவதற்குச் சவர்க்காரத் தண்ணீர் மட்டும். ஒயில், கிரீஸ் எதுவும் வேண்டாம், அவை ரப்பரைக் கெடுக்கும்.

பிறகு இருவர் வெளியே கண்ணாடியை இடத்தில் வைத்துப் பிடிக்க, கயிற்று முனைகளை உள்ளே எடுத்துக்கொண்டோம். இழுத்தது சயன்ஸ் டீச்சர். மெத்ஸ் சேரின் மனைவி பக்கத்தில் டோர்ச் பிடித்தார். கயிறு வெளியே வர வர, ரப்பரின் உள் உதடு தகரத்துக்கு மேலால் மடிந்து உட்காரும். எந்த இடத்தில் கயிறு வருகிறதோ, அதே இடத்தில் வெளியிலிருந்து உள்ளங்கையால் அமர்த்த வேண்டும். உள்ளே இருப்பவர் இடத்தைச் சொல்ல வேண்டும், வெளியே இருப்பவர் கேட்க வேண்டும். தனி ஆளால் முடியாத வேலை இது.

கீழ்ப்பக்கம் இலேசாக வந்தது. பக்கங்களும் வந்தன. இடப்பக்க மேல் மூலையில் நின்றுவிட்டது. வெளியிலிருந்து கொஞ்சம் பலமாக அமர்த்த, கண்ணாடி 'கிரிக்' என்றது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். அது உடைந்தால் இன்னொன்று வாங்கக் காசில்லை என்பது நால்வருக்கும் தெரியும்.

"மகன், கண்ணாடியத் தள்ளாத. ரப்பர வர விடு" என்றார் வாப்பா. கையை எடுத்தோம். இன்னும் கொஞ்சம் சவர்க்காரத் தண்ணீர் விட்டு, கயிற்றை ஒவ்வொரு அங்குலமாக இழுக்க, ரப்பர் 'டப்' என்று மடிந்து உட்கார்ந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

ரப்பருக்கும் கண்ணாடிக்கும் நடுவிலும், ரப்பருக்கும் தகரத்துக்கும் நடுவிலும் இறுகாத வகைச் சீலர் விட்டோம். அஸருக்குப் பிறகு ஒருவர் உள்ளே டோர்ச்சோடு உட்கார, கீழிருந்து மேலாகத் தண்ணீர் பாய்ச்சிப் பார்த்தோம். ஒரு சொட்டும் வரவில்லை. திங்கள் காலை வழமையான நேரத்துக்குத் திருக்கோவிலில் டீச்சரை ஏற்றினோம்.

இனித்தான் கடைசிப் பகுதி.

அந்த வாரமே எங்களுக்கு மிகவும் வேண்டிய ஒருவர் வந்தார். அவருடைய வெகன் ஆர் காருக்கும் கண்ணாடி வெடித்திருக்கிறது. "நம்மட வண்டிக்கும் ஒரு ஞாயித்துக்கிழம வாங்களன் சேர். கண்ணாடி நான் எடுக்கன், சிலிக்கனும் வாங்கித் தாறன்" என்றார். அவருடைய கஷ்டம் எங்களுக்குத் தெரியும். இருந்தும் முடியாது என்று சொன்னோம். முகம் வாடிப் போய்விட்டது. "சேர்மாருக்கு நேரமில்ல போல" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சொல் எங்களைச் சுட்டது.

நேரமில்லாமல் இல்லை. அந்தக் காரின் கண்ணாடி ரப்பரில் நிற்பது அல்ல. யூரிதேன் என்ற பசையால் வண்டியின் உடம்போடு ஒட்டியது. இக்காலக் கார்களில் அந்தக் கண்ணாடி வண்டியின் பலத்தில் ஒரு பங்கு. வண்டி புரண்டால் கூரை நசுங்காமல் இருக்க உதவுவது அது. விபத்தில் இடப்பக்க எயார் பேக் விரியும்போது பல கார்களில் அந்தக் கண்ணாடியில் மோதி, அதன் பலத்தில்தான் ஆளின் பக்கம் திரும்புகிறது. ஒட்டு சரியில்லையென்றால் கண்ணாடி வெளியே பறக்கும், எயார் பேக்கும் அதோடு போய்விடும். குளியலறைக்கு அடிக்கிற சிலிக்கன் தண்ணீரைத் தடுக்கும், இந்தப் பாரத்தைத் தாங்காது. பழைய பசையை அளவாக வெட்டி, பிரைமர் பூசி, உரிய பசையை இடைவெளியில்லாமல் விட்டு, அது இறுகும் வரை வண்டியை எடுக்காமல் வைக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்பது பசையையும் அன்றைய சூட்டையும் ஈரப்பதனையும் பொறுத்தது. கண்ணாடிக்குப் பின்னால் கமெரா உள்ள வண்டியென்றால் அதையும் திரும்பச் சீர்செய்ய வேண்டும்.

எங்கள் மாருதியில் தவறினால் தண்ணீர் ஒழுகும், அல்லது கண்ணாடி உடைந்து காசு போகும். அவருடைய வண்டியில் தவறினால் அது யாருக்கும் தெரியாது. பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். மோதுகிற அன்றைக்குத்தான் தெரியும். அவருடைய இடப்பக்க இருக்கையில் தினமும் உட்கார்ந்து போவது எங்களிடம் படிக்கும் அவருடைய மகள். பிள்ளைகள் எங்களிடம் உள்ள அமானிதம். வகுப்பில் மட்டும்தான் அமானிதம் என்று நாங்கள் நினைக்கவில்லை.

மறுநாள் நால்வரும் அவருடைய வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, மேலே எழுதியதையெல்லாம் ஆறுதலாகச் சொன்னோம். பசை வேலை தெரிந்த ஓர் இடத்தில் கொடுக்கச் சம்மதித்தார். காசு சேரும் வரை மகளை எங்கள் காரின் பின் இருக்கையில், டீச்சருக்குப் பக்கத்தில் ஏற்றிப் போகிறோம். கொஞ்சம் நெருக்கம்தான்.

ஆகவே கேட்டவர்களுக்கெல்லாம் எங்கள் பதில் இதுதான். முதலில் உங்கள் வண்டியின் கண்ணாடி ஓரத்தைப் பாருங்கள். ரப்பரில் நிற்கிறதென்றால், இரண்டு நாளும், நாலு பேரும், அனுபவமுள்ள ஒரு மூத்தவரும் இருந்தால் நீங்களும் செய்யலாம். கயிறு எங்களிடம் இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள். பசையில் ஒட்டியதென்றால் கை வைக்காதீர்கள். எங்களையும் கூப்பிடாதீர்கள். கோபிக்கவும் வேண்டாம்.

பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காகத் துஆச் செய்யுங்கள். அல்லாஹ் எல்லோருடைய பயணத்தையும் பாதுகாப்பானதாக ஆக்கிவைப்பானாக.