புனித ஜோர்ஜ் தேவாலயமும் ஒரு மாணவியின் வினாவும்



ஜோர்ஜ் டவுன், பார்குவார் சாலையில் அமைந்துள்ள புனித ஜோர்ஜ் தேவாலயம் தென்கிழக்கு ஆசியாவில் ஆங்கிலிக்கன் வழிபாட்டிற்கென்றே கட்டப்பட்ட மிகப் பழைய தேவாலயமாகும். 1818-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டு, மறு ஆண்டில் கல்கத்தா ஆயரால் அர்ப்பணிக்கப்பட்டது. 2007-இல் நாட்டின் 50 தேசியப் பாரம்பரியச் செல்வங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. அண்மையில் எங்கள் ஐந்தாம் ஆண்டு மாணவர்களைக் கல்விச் சுற்றுலாவாக அங்கு அழைத்துச் சென்றோம்.

புறப்படுமுன் வகுப்பில், மைக்கலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை சிஸ்டைன் சிற்றாலயத்தின் விதானத்தில் தீட்டிய ஓவியங்களின் படங்களைக் காட்டியிருந்தேன். ஈரம் உலராத சுண்ணாம்புப் பூச்சின்மீது வண்ணம் தீட்டினால், பூச்சு இறுகும்போது வண்ணமும் சுவரோடு ஒன்றிவிடும் என விளக்கியிருந்தேன். ஆதலால் உள்ளே நுழைந்ததும் மாணவர்களின் கண்கள் மேலேதான் சென்றன. அங்கு ஓவியம் ஏதுமில்லை. தூய வெண்மையும் அமைதியுமே எங்களை வரவேற்றன.

வழிகாட்டி பொறுமையாக விளக்கினார். கட்டடத்தை வடிவமைத்தவர் இராணுவப் பொறியாளர் கேப்டன் ராபர்ட் ஸ்மித். முதலில் இருந்த தட்டைக் கூரை இவ்வூர்த் தட்பவெப்பத்திற்கு ஒத்துவராமையால், 1864-இல் சரிவுக் கூரையாக மாற்றப்பட்டது. கட்டுமானத்தில் உழைத்தவர்களோ, கிழக்கிந்தியக் கம்பெனியால் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள்.

அதுவரை வாய் திறவாத மாணவி ஒருத்தி, "அவங்க பேரு எங்க எழுதியிருக்கு டீச்சர்?" என்று கேட்டாள். அனைவரும் தேடினோம். வெளியே 1886-இல் எழுப்பப்பட்ட மண்டபத்தில் பிரான்சிஸ் லைட்டின் பெயர் இருந்தது. அக்கைதிகளின் பெயர் எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை.

அவ்வினாவையே மறுநாள் பாடமாக்கினேன். தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுவரில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில், சோழர் ஓவியங்கள் 1931-இல் கண்டறியப்பட்டன. அவற்றைத் தீட்டியவர் யாவரென நாம் அறியோம். ஆனால் அதே கோயிலின் கல்வெட்டுகள், தலைமைச் சிற்பியான இராசராசப் பெருந்தச்சனையும் 400 ஆடல் மகளிரையும் பெயர் சொல்லிக் குறிக்கின்றன. எழுதி வைத்தால் பெயர் ஆயிரம் ஆண்டும் நிலைக்கும். எழுதாவிடில் இருநூறு ஆண்டுகளுக்குள் மறைந்துவிடும். இவ்வேறுபாட்டை மாணவர்கள் தாமாகவே கண்டு கூறினர்.

பின்னர், ஒவ்வொருவரும் தத்தம் பாட்டன், பாட்டியின் பெயரையும் அவர்கள் செய்த தொழிலையும் வீட்டில் கேட்டு எழுதி வருமாறு பணித்தேன். முப்பாட்டனின் பெயர்வரை கேட்டறிந்து வந்தோர் சிலர். பாட்டியின் பெயரைக்கூட அன்றுதான் முதன்முதலாக அறிந்தோர் பலர்.

பெற்றோர்களே, பழைய கட்டடங்களைக் காணப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். யார் கட்டுவித்தார் என்பதோடு, யார் கல்லும் மண்ணும் சுமந்தார் என்றும் கேட்கப் பழக்குங்கள். உங்கள் குடும்பத்துப் பெரியோரின் பெயர்களையும் இன்றே ஒரு தாளில் எழுதி அவர்களிடம் கொடுங்கள்.