மாட்டுங்கா விடியலும் மாரத்தான் ஓட்டமும்

மும்பை மாநகரில் ஜனவரித் திங்களின் மூன்றாம் ஞாயிறன்று நடைபெறும் மாரத்தான் ஓட்டத்தைப் பற்றி நம் சங்கத்து அன்பர்கள் பலரும் அறிந்திருப்பார்கள். 2004-ஆம் ஆண்டு தொடங்கிய அவ்வோட்டம், பெருந்தொற்றுக் காலம் நீங்கலாக, ஆண்டுதோறும் நடந்து வருகிறது. அதன் முழுத் தொலைவு 42.195 கிலோமீட்டர். 2025-ஆம் ஆண்டு ஜனவரி 19-ஆம் நாள், என் 52-ஆம் வயதில், அத்தொலைவை நான் ஓடி முடித்தேன். முடித்தவன் நான் என்று சொல்லிக்கொள்வது எவ்வளவு பிழை என்பதை விளக்கவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

நான் வசிப்பது மாட்டுங்காவில். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் திட்டமிட்டு அமைத்த பேட்டை இது. நிழல் தரும் மரங்களும், வட்டமிட்டுச் செல்லும் வீதிகளும், ‘ஐந்து தோட்டங்கள்’ என்னும் பூங்காக்களும் இதன் சிறப்பு. முப்பதாண்டுகள் இங்கே குடியிருந்தும், விடியற்காலை நான்கரை மணிக்கு இப்பேட்டை எப்படியிருக்கும் என்பதை நான் அறிந்ததில்லை. 2024-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் பயிற்சியைத் தொடங்கிய பிறகே அறிந்தேன்.

அது மழைக்காலம். கிங்ஸ் சர்க்கிள் பக்கம் முழங்காலளவு நீர் தேங்கும் நாள்களும் உண்டு. எந்த வீதி வடிந்திருக்கிறது, எதில் மூடியில்லாத பள்ளம் இருக்கிறது என்பதை எங்கள் கட்டடத்துக் காவற்காரர் எனக்காக விசாரித்து வைத்திருப்பார். அவர் உத்தரப் பிரதேசத்துக்காரர். பால் வண்டிக்காரரிடம் கேட்டு அவர் சொல்லும் செய்தி எந்த வானிலை அறிக்கையிலும் கிடைக்காது. பூக்கடைத் தெருவில் திருநெல்வேலிப் பக்கத்து அம்மாள் ஒருவர் அந்நேரத்திலேயே மல்லிகை தொடுத்துக்கொண்டிருப்பார். “இன்றைக்கு எத்தனை மைல், அண்ணாச்சி?” என்று அவர் கேட்காத நாளில்லை. ஒரு நாள் நான் படுத்துறங்கிவிட்டால் மறுநாள் அவருக்குக் காரணம் சொல்லியாக வேண்டும். அந்த அச்சமே என்னைப் பல நாள் படுக்கையினின்று எழுப்பியது.

இத்தகைய ஓட்டத்திற்கு நான்கைந்து மாதப் பயிற்சி வேண்டும். வாரம் ஒருநாள் நீண்ட ஓட்டம்; அதைச் சிறிது சிறிதாக 30 கிலோமீட்டர் வரை உயர்த்திப் பின் போட்டிக்கு இரண்டு மூன்று வாரம் முன்பிருந்து குறைத்துக்கொள்வார்கள். தசையிலும் ஈரலிலும் சேர்த்துவைத்த மாவுச்சத்து, பெரும்பாலோர்க்கு 30 கிலோமீட்டர் அளவில் தீர்ந்துபோகிறது. ஆகையால் உண்பதும் உறங்குவதும் பயிற்சியின் பகுதியே. உறக்கம் எனக்கு வேண்டும் என்றால், இரவு எட்டரைக்கு வீட்டில் தொலைக்காட்சி ஓயவேண்டும். உணவு வேண்டும் என்றால், நான்கு மணிக்கு அடுப்பு எரியவேண்டும். கேழ்வரகுக் கஞ்சியும் இரண்டு வாழைப்பழமும் மேசைமீது இருக்கும். அவை யாருடைய உறக்கத்தைச் செலவிட்டு அங்கே வந்தன என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை.

எண்ணிப் பார்க்கும் நாள் நவம்பரில் வந்தது. மாஹிம், பாந்திரா வழியே ஜுஹு வரை சென்று திரும்புவது அன்றைய திட்டம். மொத்தம் 28 கிலோமீட்டர். வெயில் ஏற ஏற, வெறும் தண்ணீரையே வாங்கி வாங்கிக் குடித்தேன். திரும்பி வருகையில் மாஹிமில் கண் இருண்டு, சாலையோரத்தில் சாய்ந்துவிட்டேன். மீன் விற்றுக்கொண்டிருந்த கோளி இனத்துப் பெண்மணி ஒருவர், “பஸா, பாவூ” என்று என் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். கூடையருகே வைத்திருந்த எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, உப்பிட்டுக் கொடுத்தார். வீட்டு எண்ணைக் கேட்டார். எனக்கு நினைவு வரவில்லை. என்னிடம் தொலைபேசியும் இல்லை, முகவரிச் சீட்டும் இல்லை. அரைமணி கழித்துத் தெளிவு வந்தபின் அவரே வாடகை வண்டியை நிறுத்தி ஏற்றிவிட்டார். மணிக்கணக்கில் ஓடுவோர் உப்பின்றி நீரை மட்டும் மிகுதியாகக் குடித்தால் இரத்தத்தில் உப்பின் அளவு தாழ்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்று அன்று மாலை மருத்துவர் எச்சரித்தார்.

என் மனைவி கடிந்துகொள்ளவில்லை. இரவு உணவுக்குப் பின் அமைதியாகச் சொன்னாள்: “ஓடுவது உங்கள் விருப்பம். காத்திருப்பது என் வேலையாகிவிட்டது. எந்த வழியே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று தெரிந்துகொள்ளும் உரிமையாவது காத்திருப்பவளுக்கு வேண்டாமா?”

அச்சொற்கள் ஓட்டத்தைவிட என்னை அதிகம் களைப்புறச் செய்தன. மறுநாள் இருவரும் சேர்ந்து ஒரு தாளில் எழுதினோம். செல்லும் வழியும் திரும்பும் நேரமும் கதவருகே ஒட்டப்படும். பெயரும் எண்ணும் எழுதிய சீட்டு சட்டைப்பையில் இருக்கும். நீண்ட ஓட்டத்தைத் தனியே ஓடலாகாது. ஞாயிறு சமையல் என்னுடையது. சிவாஜி பூங்காவில் ஓடும் மராட்டிய நண்பர்கள் இருவர் துணைக்கு வந்தனர். பூக்கார அம்மாள் உப்பும் இஞ்சியும் இட்ட நீர்மோரைத் தம் கடையில் வாங்கி வைத்துக்கொள்ள இசைந்தார். என் மனைவி அதைக் கொண்டுபோய்க் கொடுத்த நாள்களில்தான் அவ்விருவரும் சிநேகிதிகளாயினர்.

போட்டியன்று விடிவதற்கு முன்பே சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்தினருகே ஆயிரக்கணக்கானோர் கூடியிருந்தோம். கடற்கரைச் சாலை, ஹாஜி அலி, வர்ளி, கடற்பாலம், பாந்திரா என்று சென்று மாஹிம் வழியே திரும்பினோம். சிவாஜி பூங்காவின் ஓரத்தில் என் மனைவி, காவற்காரர், பூக்கார அம்மாள் மூவரும் மோர்ச் செம்புடன் நின்றிருந்தார்கள். 35 கிலோமீட்டர் தாண்டியபின் பெடர் சாலை ஏற்றம் வந்தது. கால்கள் மறுத்த அவ்விடத்தில் பெயரறியாக் குடும்பங்கள் ஆரஞ்சுச் சுளையும் உப்பும் பிஸ்கத்தும் ஏந்தி நின்றன. குஜராத்தியில் ஒரு பாட்டி ஏதோ சொன்னார். பொருள் விளங்கவில்லை, ஏற்றம் ஏறிவிட்டேன்.

அடுத்த வாரம் பதக்கத்தை எடுத்துக்கொண்டு மாஹிம் சென்றேன். அந்த மீன்காரப் பெண்மணி அதைக் கையில் நிறுத்துப் பார்த்து, என்ன விலை பெறும் என்று கேட்டார். விலை ஒன்றும் பெறாது என்றேன். “அப்படியானால் மீனாவது வாங்கு” என்றார். மீன் உண்ணாத வீடு என்றேன். “எலுமிச்சம்பழத்திற்குக் கடன் வைத்துவிட்டுப் போகிறாய்” என்று சிரித்தார்.

அன்பர்களே, பிறந்த ஊரைவிட்டு வந்த நமக்கு இங்கே உறவினர் இல்லை என்று அடிக்கடி சொல்லிக்கொள்கிறோம். நானும் அப்படிச் சொன்னவனே. நம்மில் எவரேனும் வரும் ஆகஸ்டில் பயிற்சி தொடங்க எண்ணினால், நல்ல காலணியைப் பிறகு தேடலாம். முதலில் வீட்டில் காத்திருக்கப் போகிறவருடன் உட்கார்ந்து அந்தத் தாளை எழுதுங்கள்.