கைக்குத் தெரியும் அஸீல்

அஸர் தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்தபோது அந்தப் பையன் வாசலில் நின்றிருந்தான். தோட்டத்துப் பிள்ளை, தாய் கொழுந்து பறிப்பவர். கையில் ஒரு உரச் சாக்கு. அதன் வாயிலிருந்து ஒரு சேவலின் தலை மட்டும் எட்டிப் பார்த்தது.

"மௌலவி ஐயா, இது தேறுமா பாருங்க" என்றான்.

ஹட்டனில் எனக்கு இரண்டு பெயர். மத்ரஸாவில் உஸ்தாத். லயத்துப் பக்கம் போனால் கோழி மௌலவி. இந்த இரண்டாவது பெயர் என் வீட்டாருக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை.

சாக்கில் இருந்தது அஸீல். 'அஸ்ல்' என்றால் அரபியில் வேர், அடி. அதிலிருந்து வந்தது அஸீல், பூர்வீகம் கெடாதது என்று பொருள். சொல்லை அரபுக் கல்லூரியில் படித்தேன். பறவையை அதற்கு முன்பே வாப்பாவின் கூட்டில் பார்த்திருந்தேன். இந்த இனத்தைச் சண்டைக்கென்றே வளர்த்தவர்கள் ஏராளம். பிராணிகளை ஒன்றோடொன்று மோதவிடுவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். ஆகவே சண்டை எண்ணம் உள்ளவன் என் வாசல் மிதிக்க வேண்டாம் என்று எல்லாரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். இந்தப் பையனுக்கு அந்த ஆசை இல்லை. 1964ஆம் ஆண்டு ஸ்ரீமா சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தமிழகம் போன அவன் உறவுக்காரர்கள் திண்டுக்கல் பக்கம் இருக்கிறார்கள். அங்கே நடக்கும் கிளிமூக்கு விசிறிவால் கோழிக் கண்காட்சிகளைக் கைபேசியில் படம் பிடித்து அனுப்புவார்கள். அதைப் பார்த்துப் பார்த்து, தானும் ஒருநாள் காட்சிக்கு நிறுத்தும் தரத்தில் ஒரு வர்க்கத்தை உண்டாக்க வேண்டும் என்று இருக்கிறான். தாயின் சீட்டுக் காசில், குருநாகல் பக்கம் ஒருவரிடம் மூன்று வாரக் குஞ்சாக வாங்கிய சேவல் இது.

பார்வைக்கு ராஜா. கருஞ்சிவப்பு நிறம், முத்துப் போன்ற வெளிறிய கண், சின்னக் கொண்டை.

ஆனால் வாப்பா கோழி பார்க்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். வாசகர்கள் சிரிக்கக் கூடாது. ஒரு கையை இரண்டு கால்களுக்கும் இடையே கொடுத்து, நெஞ்சை உள்ளங்கையில் தாங்கித் தூக்குவார். கண் போட்ட கணக்கைவிடக் கையில் பாரம் கூடுதலாக இருக்க வேண்டும். அஸீலின் இறகு குட்டையானது, கடினமானது, உடம்போடு ஒட்டிக் கிடப்பது. ஒளிக்க இடம் கொடாது. கொச்சின் கோழி இதற்கு நேர்மாறு. (பெயர்தான் கொச்சின், பூர்வீகம் சீனா.) அது பஞ்சு மூட்டைபோல் பெரிதாகத் தெரியும், கையை விட்டால் பாதி இறகுதான். எங்கள் குளிரில் எந்தக் கோழியும் இறகைச் சிலிர்த்துப் பருத்துத்தான் நிற்கும். அதனால் மலைநாட்டில் கண்ணை நம்பிக் கோழி வாங்குகிறவன் ஏமாறுவான்.

பிறகு தரையில் விட்டு மேலிருந்து பார்ப்பார். முதுகு ஒரு வெற்றிலைபோல் இருக்க வேண்டும்: தோளில் அகலம், வாலை நோக்கி ஒடுக்கம். முன்னால் நின்று பார்த்தால் கால்களுக்கு இடையே நல்ல இடைவெளி. முழங்கால்கள் ஒன்றையொன்று தொடப் பார்த்தால் அந்தச் சேவலைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். நிறம் கடைசி.

நாம் கடையில் வாங்கும் பிராய்லரின் நெஞ்சிலும் அஸீலின் பங்கு உண்டு. இங்கிலாந்தின் கார்ன்வாலில் அஸீலைக் கலந்து உண்டாக்கியதுதான் கார்னிஷ் இனம். 1948ஆம் ஆண்டு அமெரிக்காவில் 'நாளைய கோழி' என்ற போட்டி நடந்தது. நல்ல உடல் இப்படி இருக்க வேண்டும் என்று மெழுகில் ஒரு கோழியே செய்து வைத்திருந்தார்கள். வென்ற கோழிக்குத் தகப்பன் வழி கார்னிஷ்.

இவ்வளவு தெரிந்தும் நான் ஒருமுறை தவறினேன். வாப்பா மவுத்தான பிறகு, வாலின் அழகுக்கு மயங்கி ஒரு சேவலைப் பேடுகளோடு விட்டேன். நெஞ்சு ஒடுக்கம் என்று கை சொன்னது, கண் கேட்கவில்லை. மூன்று ஈடு குஞ்சுகள் ஒடுங்கிய நெஞ்சோடு வந்தன. அந்தக் குறையைக் கூட்டிலிருந்து கழிக்க எனக்கு ஆறு வருடம் பிடித்தது.

பையனின் சேவலைத் தூக்கினேன். பாரம் சரி. தோள் சரி. நெஞ்செலும்பின் மேல் விரலை ஓட்டினேன். நடுவில் ஒரு வளைவு. இன்னொரு முறை ஓட்டினேன். வளைவுதான்.

"காட்சிக்கு நிறுத்த முடியாது தம்பி" என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. சேவலின் முதுகைத் தடவிக்கொண்டே நின்றான். சீட்டுக் காசை நினைத்திருப்பான்.

என் மனத்தில் ஓடியது வேறு கேள்வி. இந்த வளைவு இரத்தத்தில் வந்ததா, வளர்ப்பில் வந்ததா? எப்போது பொரித்தது என்று கேட்டேன். வைகாசி என்றான். ஹட்டன் நாலாயிரம் அடிக்கு மேல் இருக்கிறது. வைகாசி முதல் புரட்டாசி வரை தென்மேல் மழையும் மூட்டமும். வெயில் படாத குஞ்சுக்கு வைட்டமின் டி போதாது. எலும்பு இறுகாமல் குருத்தாகவே கிடக்கும். இரவில் எதில் அடைந்தது என்று கேட்டேன். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கம்பு ஒன்றைக் காம்பராவின் பின்பக்கம் குறுக்கே கட்டியிருந்தானாம், விரல் பருமன். இளம் நெஞ்செலும்பை அதில் இராவெல்லாம் அழுத்தி வைத்தால் வளையாமல் என்ன செய்யும்?

அடுத்த கிழமை குருநாகலில் ஒரு நிக்காஹ். போன இடத்தில் அந்த வியாபாரியின் வளவுக்கும் போனேன். அதே அடையில் பொரித்த இரண்டு பேடுகள் வெயிலில் கிளறிக்கொண்டிருந்தன. பிடித்துத் தடவினேன். இரண்டுக்கும் நெஞ்சு நூல் பிடித்தாற்போல் நேர்.

ஆனாலும் இரத்தத்தில் இல்லை என்று சத்தியம் செய்ய முடியாது. சீக்கிரம் வளைந்துவிடும் மென்மையே பரம்பரையாக வரக்கூடும். ஒரே வழி, பொரிக்க வைத்துப் பார்ப்பது. வாப்பாவின் வர்க்கத்தில் எஞ்சிய நேர் நெஞ்சுப் பேடு ஒன்று என்னிடம் இருந்தது. அதை அவனுக்குக் கொடுத்தேன். வீட்டில் என்னைப் பைத்தியம் என்றார்கள். ஆறு வருடம் கழித்த குறையைத் திரும்பவும் வாங்கி வருகிறேனோ என்ற பயம் எனக்கும் இருந்தது.

தை, மாசியில்தான் எங்கள் மலையில் வெயில். அதற்குத் தோதாக அடை வைக்கச் சொன்னேன். பத்து வாரம் வரை கம்பே வேண்டாம், வைக்கோலில் படுக்கட்டும். பிறகு உள்ளங்கை அகலப் பலகை. முட்டை ஓட்டை இடித்துப் போடு, கருவாட்டுத் தூள் கொஞ்சம் கலந்து கொடு என்றேன்.

மாசியில் ஒன்பது குஞ்சு பொரித்தது. போன வெள்ளிக்கிழமை அவன் தாய் கொழுந்துக் கூடையோடு வழியில் நின்று, "எங்க கோழி நேரா வருமா ஐயா?" என்று கேட்டார்.

"குஞ்சுக்கு ஆறு வாரம்தானே ஆகுது. இன்னும் ஒரு மாசம் போகட்டும், வந்து கை வைத்துப் பார்க்கிறேன்" என்றேன்.